எந்த எக்ஸிட்?

ஆகஸ்ட் 30, 2023, புதன்

இரவு மணி ஒன்றே முக்கால். காதுக்குள் ரீங்காரம் இன்னும் நிற்கவில்லை, தொண்டை கட்டிவிட்டது. காலை ஒன்பது மணிக்கு ஆபீஸ் மீட்டிங் ஒன்று இருக்கிறது. அதில் நான் வாய் திறக்க வேண்டியதில்லை என்பதுதான் ஒரே ஆறுதல். தூக்கம் வரவில்லை, எழுதுகிறேன்.

விஷயம் இதுதான். அமெரிக்க ராக் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் தன் ஈ ஸ்ட்ரீட் பேண்டோடு இந்த வாரம் மூன்று இரவுகள் நியூ ஜெர்சி மெட்லைஃப் ஸ்டேடியத்தில் வாசிக்கிறார். புதன், வெள்ளி, ஞாயிறு. மூன்றுக்கும் டிக்கெட் வாங்கிவிட்டேன். இடையில் வரும் இரண்டு நாட்களில் அவர் வளர்ந்த ஊரையும் வாசித்துத் திரிந்த ஊர்களையும் சுற்றுவதாகத் திட்டம். எல்லாமே எடிசனில் உள்ள எங்கள் வீட்டிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய இடங்கள். "தினமும் ராத்திரி வீட்டுக்கு வந்து படுக்கிறதுக்குப் பேரு பயணமா?" என்று மனைவி கேட்டாள். பயணம்தான். பதினைந்து வருடமாக இந்த மாநிலத்தில் இருக்கிறேன், ஆபீஸ், கோயில், நம்மூர்க் கடைகள் இருக்கும் ஓக் ட்ரீ ரோடு, ஏர்போர்ட் தவிர எதையும் ஒழுங்காகப் பார்த்ததில்லை.

"மூணு நாளும் அதே பாட்டுதானே?" என்பது அவளுடைய இரண்டாவது கேள்வி. எங்கள் தாத்தா நாகசுரம் கேட்க ஊர் ஊராகப் போவார். திருவிழா மாதங்களில் வீடு தங்க மாட்டார். பாட்டியும் இதையேதான் கேட்பாளாம். தாத்தா பதில் சொல்ல மாட்டார், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார். நானும் அதே முறையைக் கடைப்பிடித்தேன். துண்டுக்குப் பதில் கைப்பை.

கைப்பை என்றால் சாதாரணப் பை இல்லை. கண்ணாடி போல உள்ளே இருப்பதெல்லாம் தெரிகிற பிளாஸ்டிக் பையைத்தான் ஸ்டேடியத்துக்குள் விடுவார்கள். என் பணப்பை, பவர் பேங்க், தலைவலி மாத்திரை, மடித்த துவாலை எல்லாம் ஊர் பார்க்க ஊர்வலம் வந்தன.

எடிசனில் ரயில் ஏறி, சீகாகஸில் இறங்கி, அங்கிருந்து மெடோலேண்ட்ஸ் ரயில். சீகாகஸ் பிளாட்பாரத்திலேயே கூட்டம் நெரிந்தது. பாதிப் பேர் அறுபதைத் தாண்டியவர்கள். ஒருவர் போட்டிருந்த டிஷர்ட்டில் 1985 என்று இருந்தது. அந்த வருடம் இதே இடத்தில் இருந்த பழைய ஜயன்ட்ஸ் ஸ்டேடியத்தில் ஸ்பிரிங்ஸ்டீன் ஆறு இரவுகள் வாசித்தார். டிஷர்ட் அசல்தான் என்று கழுத்துப் பட்டியின் கிழிசலே சொன்னது. வயிற்றுப் பக்கம் மட்டும் கொஞ்சம் கஷ்டப்பட்டுக்கொண்டிருந்தது.

அந்தப் பழைய ஸ்டேடியத்தைப் பற்றி எனக்கு ஒரு மனக்குறை உண்டு. அதை இடிப்பதற்கு முன்பு, 2009 அக்டோபரில், கடைசியாக அங்கே வாசித்தவர் இவர்தான். மொத்தம் ஐந்து இரவுகள். நான் வந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. என்னைத் தினமும் காரில் கூட்டிப்போன சக ஊழியர் டர்ன்பைக் நெடுஞ்சாலை முழுக்க இவர் பாட்டைத்தான் போடுவார், அப்படித்தான் எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது. அவர் என்னைக் கச்சேரிக்கும் கூப்பிட்டார். நான் டாலரை ரூபாயில் பெருக்கிப் பார்த்தேன். வரவில்லை என்றேன். புதிதாக வந்தவர்கள் எல்லோரும் செய்கிற காரியம்தான். ஆனாலும் அந்தப் பெருக்கல் கணக்கை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

2016-ல்தான் முதல் தடவை போனேன், புதிய மெட்லைஃபுக்கு. அன்று ஏறக்குறைய நான்கு மணி நேரம் வாசித்தார். இடைவேளை கிடையாது. அதன் பிறகு எனக்குப் பெருக்கல் மறந்துவிட்டது.

இந்தத் தடவை டிக்கெட் எடுத்த கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன், நீட்டினால் ரத்த அழுத்தம் ஏறும். இந்தச் சுற்றுப்பயணத்துக்கு 2022 ஜூலையில் முதல் டிக்கெட்டுகள் விற்பனைக்கு வந்தபோது, கேட்பவர் கூடக்கூட விலையும் ஏறுகிற முறையை வைத்தார்கள். சில இருக்கைகள் ஐந்தாயிரம் டாலர் வரை போயின. உழைப்பாளிகளைப் பற்றி ஐம்பது வருடம் பாடியவர் இதற்கு எப்படிச் சம்மதித்தார் என்று பழைய ரசிகர்கள் கொதித்தார்கள். 1980-லிருந்து வந்துகொண்டிருந்த ஒரு ரசிகர் பத்திரிகை இந்த வருத்தத்தில் இந்தப் பிப்ரவரியில் கடையையே மூடிவிட்டது. எனக்கும் கோபம்தான். ஆனால் கோபத்தோடு வரிசையில் நின்று, உச்சிமாடியில் மூன்று டிக்கெட்டும் வாங்கிவிட்டேன். வெள்ளிக்கிழமைக்கு மட்டும் இரண்டு. மனைவியும் வருகிறாள்.

உச்சிமாடி என்றால் சும்மா இல்லை. ஸ்டேடியத்தில் எண்பத்திரண்டாயிரம் பேர் உட்காரலாம். மேடை அந்தக் கோடி, நான் இந்தக் கோடி. டிரம்ஸ் வாசிக்கும் மேக்ஸ் வைன்பர்க்கின் கை இறங்குவது கண்ணுக்குத் தெரிகிறது, அடி காதுக்கு அப்புறம்தான் வருகிறது. ஒலி நொடிக்கு முந்நூற்று நாற்பது மீட்டர்தான் போகும் என்று பள்ளிக்கூடத்தில் படித்ததை ராக் கச்சேரியில் கண்ணால் பார்த்தேன். கீழே இருப்பவர்கள் முதலில் கை தட்ட, அந்தத் தட்டல் மேலே மேலே ஏறி எங்களிடம் வந்து சேர்கிறது. ஸ்டேடியம் முழுக்க ஒரே தாளத்தில் தட்டவே முடியாது. மேலே இருக்கும் நாங்கள் எப்போதும் அரை நொடி பிந்திய ஜனங்கள்.

கச்சேரி மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் முன்பின். எதைச் சொல்ல? ஒன்றே ஒன்று சொல்கிறேன். 'பார்ன் டு ரன்' தொடங்கும்போது ஸ்டேடியத்தின் விளக்குகள் அத்தனையும் போட்டுவிடுவார்கள். மற்ற பாடகர்கள் உச்சக்கட்டத்தில் இருட்டாக்கித் தங்கள் மேல் வெளிச்சம் போட்டுக்கொள்வார்கள். இவர் வெளிச்சத்தை நம் பக்கம் திருப்பிவிடுகிறார். பக்கத்தில் யார் அழுகிறார், யார் தப்பாகப் பாடுகிறார், எல்லாம் தெரிந்துவிடும். எனக்கு முன்வரிசையில் ஒரு பெரியவர் இரண்டும் செய்துகொண்டிருந்தார்.

இன்று பௌர்ணமி. அதுவும் ஒரே மாதத்தில் இரண்டாவது, பூமிக்கு அருகில் வருகிற பெரிய நிலா. முழுமையடைகிற நேரம் ஒன்பதரை சுமார் என்று போட்டிருந்தார்கள். அந்த நேரத்தில் நான் மேடையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. நிலா நாளைக்கும் வரும்.

திரும்பும்போது ரயிலுக்கு வரிசை. ஆடு மாதிரி அடைத்து, அடைத்து, அனுப்பினார்கள். சீகாகஸில் என் கண்ணெதிரே எடிசன் ரயில் கதவைச் சாத்தியது. அடுத்ததற்கு ஐம்பது நிமிடம். ஞாயிற்றுக்கிழமை காரில்தான் போவேன்.

ஆகஸ்ட் 31, வியாழன்

மீட்டிங்கில் தலையாட்டினேன். மதியத்துக்கு மேல் லீவு. பார்க்வே நெடுஞ்சாலையில் தெற்கே, ராரிடன் ஆற்றுப் பாலம் தாண்டி, எக்ஸிட் 102, அதாவது 102-ஆம் எண் இறங்கும் வழி. ஆஸ்பரி பார்க்.

1973 ஜனவரியில் வந்த அவருடைய முதல் ஆல்பத்துக்கு இந்த ஊரின் வாழ்த்து அட்டைதான் உறை. இசைத்தட்டு நிறுவனம் அவரை நியூயார்க்காரராகக் காட்ட நினைத்ததாம், அவர் இந்த அட்டையைக் கொண்டுபோய்க் காட்டினாராம். ஐம்பது வருடம் ஆயிற்று. அந்த அட்டை அச்சான காலத்து ஆஸ்பரி பார்க் குடும்பத்தோடு ரயிலேறி வந்து கடற்கரையில் பலகை நடைபாதையில் உலாவுகிற ஊர். ஆல்பம் வந்த காலத்து ஊர் வேறு. 1970 ஜூலையில் கறுப்பின மக்கள் வாழ்ந்த மேற்குப் பகுதியில் கலவரம் வெடித்தது. வேலையும் இல்லை, நல்ல வீடும் இல்லை, கடற்கரை ஓட்டல்களின் வேலைகூட வெளியூர்ப் பையன்களுக்குப் போகிறது என்ற கோபம். அதற்குப் பிறகு ஊர் எழுந்திருக்க முப்பது வருடத்துக்கு மேல் ஆயிற்று. அந்த வாழ்த்து அட்டை பாதி அன்பு, பாதி கிண்டல் என்று இங்கே வந்து நின்றால்தான் புரிகிறது.

இப்போது ஊர் எழுந்துவிட்டது, சில இடங்களில் அளவுக்கு மீறியும் எழுந்துவிட்டது. கடலைப் பார்த்த அடுக்குமாடிகளின் விலைப்பலகையைப் பார்த்துவிட்டுச் சட்டென்று வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். அந்த அடுக்குமாடிகளின் காலடியில் ஸ்டோன் போனி. வெள்ளைச் சுவர், கறுப்புக் குதிரை, ஒற்றை மாடிக் கட்டிடம். 1974-ல் திறந்த மதுக்கூடம். நம் ஊர்க் கல்யாண மண்டபத்தில் பந்தி நடக்கும் கூடம்கூட இதைவிடப் பெரிதாக இருக்கும். யாராவது சின்ன பேண்ட் வாசித்துக்கொண்டிருக்கும்போது ஸ்பிரிங்ஸ்டீன் சொல்லாமல் கொள்ளாமல் வந்து மேடையேறிவிடுவார் என்பதுதான் இந்த இடத்தின் புகழ். அப்படி எத்தனையோ இரவுகள் நடந்திருக்கின்றன. அவர் வந்தாலும் வரலாம் என்ற நப்பாசையிலேயே நாற்பது வருடம் வியாபாரம் ஓடியிருக்கிறது என்று நினைக்கிறேன். நேற்று ஸ்டேடியத்தில் வாசித்தவர் இன்று இங்கே வரமாட்டார் என்று தெரியும். இருந்தும் கதவு திறந்த சத்தத்துக்கு இரண்டு தடவை திரும்பிப் பார்த்தேன்.

அங்கிருந்து ஊருக்குள் நடந்து குக்மன் அவென்யூ, எண் 702. 1968 முதல் 71 வரை இந்தக் கட்டிடத்தின் மாடியில் 'அப்ஸ்டேஜ்' என்ற கிளப் இருந்தது. கீழே செருப்புக்கடை. மது கிடையாது. சின்னப் பையன்களுக்கு எட்டு மணியிலிருந்து நள்ளிரவு வரை ஒரு ஆட்டம், அப்புறம் ஒரு மணியிலிருந்து விடியற்காலை ஐந்து மணி வரை இன்னொரு ஆட்டம். மற்ற கிளப்புகளில் காசுக்கு வாசித்து முடித்தவர்கள் இங்கே வந்து ஆசைக்கு வாசிப்பார்கள். பின்னாளில் ஈ ஸ்ட்ரீட் பேண்டில் ஆர்கன் வாசித்த டேனி ஃபெடெரிச்சியோடு ஸ்பிரிங்ஸ்டீனுக்குப் பழக்கமானது இந்த மாடியில்தான். ஒரு மேதை தனியாக வானத்திலிருந்து குதித்தார் என்பதெல்லாம் கதை. விடிய விடிய வாசிக்க ஓர் இடம், கூட வாசிக்கப் பத்துப் பேர், தூங்காமல் கேட்க நூறு பேர். இது இருந்தது. அப்புறம் அவர் வந்தார்.

கிங்ஸ்லி தெருப் பக்கம் ஸ்டூடண்ட் பிரின்ஸ் என்ற கிளப் இருந்த இடத்தையும் தேடினேன். 1971-ல் புயலடித்த ஓர் இரவில், பின்னாளில் பேண்டின் சாக்ஸஃபோன்காரரான கிளாரன்ஸ் கிளெமன்ஸ் கதவைத் திறக்க, காற்றில் கதவே பிய்த்துக்கொண்டு போனதாம், ஆறடி நாலங்குல மனிதர் கையில் சாக்ஸஃபோனோடு வாசலில் நின்றாராம். கேட்டவர் எல்லோரும் கொஞ்சம் கொஞ்சம் சேர்த்துச் சொன்ன கதை. சேர்க்கட்டும். எங்கள் ஊர் ஐயனார் குதிரை ராத்திரி நடக்கும் என்று நாங்கள் சொல்லவில்லையா?

சாயங்காலம் பலகை நடைபாதை. ஜோசியம் சொல்லும் மேடம் மேரியின் குட்டிக் கடை அப்படியே இருக்கிறது, சுவரில் ஒரு பெரிய கண். அவர் 2008-ல் இறந்துவிட்டார், குடும்பத்தார் நடத்துகிறார்கள். கை நீட்டலாமா என்று யோசித்தேன். ஜோசியத்துக்கு இங்கே வந்துதான் காசு கொடுக்க வேண்டுமா என்று விட்டுவிட்டேன்.

கடலில் யாரையும் இறங்க விடவில்லை. ஃப்ராங்க்ளின் புயல் எங்கோ பெர்முடா பக்கம் போய்க்கொண்டிருக்கிறது, அதன் அலை இங்கே வந்து கரையை அறைகிறது. எட்டு மணிக்குக் கொஞ்சம் மேலே, நேற்று நான் பார்க்காமல் விட்ட நிலா அட்லாண்டிக்கிலிருந்து எழுந்தது. முதலில் மங்கலான செம்பு. அப்புறம் பித்தளை. பக்கத்தில் நின்ற ஒரு பையன் கிதாரில் ஏதோ பழகிக்கொண்டிருந்தான், ஒரே இடத்தில் திரும்பத் திரும்பத் தப்பு. நான் வெகு நேரம் நின்றேன்.

செப்டம்பர் 1, வெள்ளி

இன்று மனைவியோடு. அவளுக்கு இந்த இசை பிடிக்காது என்று சொல்ல முடியாது, பதினைந்து வருடம் அடுத்த அறையிலிருந்து கேட்டிருக்கிறாள்.

அவர் மேடைக்கு வந்தார். எண்பதாயிரம் பேர் "ஊஊஊ" என்றார்கள். மனைவி என் கையைப் பிடித்தாள்.

"என்னங்க, இப்பத்தானே வந்தாரு, அதுக்குள்ள எதுக்கு ஊளையிடுறாங்க?"

"ஊளை இல்ல. அவர் பேரச் சொல்றாங்க. புரூஊஊஸ்."

"எனக்குக் கடைசி எழுத்து கேக்கலையே."

யாருக்குமே கேட்பதில்லை. முதல் தடவை வருகிற எல்லோருக்கும் இந்தச் சந்தேகம் வரும். இந்த நாட்டில் ஒருவரைப் பிடிக்கவில்லை என்றால் போடுகிற சத்தமும் இதேதான். அரை மணியில் அவளும் ஊளையிட ஆரம்பித்தாள்.

பாடல் வரிசையைப் பற்றிப் பழைய ரசிகர்களுக்கு இந்த வருடம் ஒரு முணுமுணுப்பு இருக்கிறது. முன்பெல்லாம் கூட்டத்தில் யாராவது அட்டையில் பாட்டுப் பேரை எழுதிக் காட்டினால், அதை வாங்கிப் பார்த்து அங்கேயே பேண்டுக்கு ஸ்வரம் சொல்லி வாசிப்பார். எந்த இரவில் என்ன வரும் என்று யாருக்கும் தெரியாது. இந்தச் சுற்றில் முக்கால்வாசி வரிசை நிலையானது. புதன்கிழமை எனக்கும் அந்தக் குறை இருந்தது. இன்று இரண்டாவது தடவை கேட்கும்போது வேறு மாதிரி தோன்றியது.

நடுவில் பேண்டை நிறுத்திவிட்டு ஒரு கதை சொல்கிறார். 1965-ல், பதினைந்து வயதில் அவர் சேர்ந்த முதல் பேண்ட் கேஸ்டீல்ஸ். சோப்புப் பேரைத்தான் பேண்டுக்கு வைத்திருந்தார்கள். அதில் அவரைச் சேர்த்துவிட்டவர் ஜார்ஜ் தீஸ், ஸ்பிரிங்ஸ்டீனின் தங்கையைப் பார்க்க வீட்டுக்கு வந்துகொண்டிருந்த பையன். 2018-ல் தீஸின் சாவுப் படுக்கைக்குப் பக்கத்தில் போய் நின்றாராம். அவரும் போனபிறகு அந்த பேண்டில் உயிரோடு மிச்சம் இருப்பவர் இவர் ஒருவர்தான். அதைப் பாடுகிறார். கூட்டம் அடங்கிவிட்டது. மனைவியும் அசையவில்லை.

கதையைச் சொல்ல வந்தவர் பாதியில் வேறு பாட்டுக்குத் தாவ முடியாது. தெருக்கூத்தில் அபிமன்யு சாவான் என்று எல்லோருக்கும் தெரியும், தெரிந்துதான் விடிய விடிய உட்கார்ந்திருக்கிறோம். இந்த வரிசை அந்த மாதிரி. ஆனாலும் ஓர் அட்டையாவது வாங்கிப் பார்த்திருக்கலாம் என்று ஒரு மூலையில் இருக்கத்தான் செய்கிறது.

அப்புறம் கடைசிப் பகுதியில் 'டென்த் அவென்யூ ஃப்ரீஸ்-அவுட்'. திரையில் கிளாரன்ஸ் கிளெமன்ஸும் டேனி ஃபெடெரிச்சியும் வருகிறார்கள். டேனி 2008-ல் போனார், கிளாரன்ஸ் 2011-ல். மேடையில் சாக்ஸஃபோன் வாசிப்பது கிளாரன்ஸின் அண்ணன் தம்பி வழிப் பிள்ளை ஜேக். அவன் தலையை நிமிர்த்தி பெரியப்பனோ சித்தப்பனோ, அந்த மனிதர் தெரிகிற திரையைப் பார்க்கவில்லை, கூட்டத்தைப் பார்த்தே வாசித்தான். மனைவி சொன்னாள், "பாவம், தினமும் இதைப் பாக்கணும்." எனக்கு இது தோன்றியதே இல்லை.

முடிவில் பேண்ட் முழுவதும் இறங்கிப்போக, படியருகே நின்று ஒவ்வொருவரையும் தட்டிக்கொடுத்து அனுப்பிவிட்டு, அவர் மட்டும் ஒற்றைக் கிதாரோடு திரும்பி வந்து ஒரு பாட்டு. அவ்வளவுதான்.

ரயிலில் மனைவி கேட்டாள், "எழுபத்து மூணா இவருக்கு?"

"இருபத்து மூணாம் தேதி வந்தா எழுபத்து நாலு."

"நீங்க மாடி ஏறினாலே மூச்சு வாங்குறீங்க."

செப்டம்பர் 2, சனி

ரூட் 9-ல் ஃப்ரீஹோல்ட். வீட்டிலிருந்து முக்கால் மணிகூட ஆகவில்லை. இத்தனை வருடத்தில் இங்கே ஒரு தடவை வந்திருக்கிறேன், டிரைவிங் சம்பந்தமான ஒரு அபராதம் கட்ட. அப்போது தெரியாது.

ஸ்பிரிங்ஸ்டீன் பிறந்தது லாங் பிராஞ்ச் ஆஸ்பத்திரியில், 1949 செப்டம்பர் 23. வளர்ந்தது இங்கே. இன்ஸ்டிட்யூட் தெரு, எண் 39½. கதவு எண்ணில் அரை! பாதி வீட்டில் இவர்கள், மறுபாதியில் வேறு குடும்பம். அப்பா கம்பள ஆலை, பஸ், சிறைக்காவல் என்று கிடைத்த வேலைக்கெல்லாம் போனவர். அம்மா சட்ட அலுவலகத்தில் செயலர், வீட்டை நிறுத்தியது அவர் சம்பளம்தான். ஆலை 1960-களில் மூடிவிட்டது. இப்போது அந்த வீட்டில் யாரோ குடியிருக்கிறார்கள், வாசலில் குழந்தை சைக்கிள் ஒன்று சாய்ந்து கிடந்தது. எதிர்ப்புறமாக நடந்து, நிற்காமல், ஒரு பார்வை. நம் வீட்டு வாசலில் யாராவது வந்து நின்று போட்டோ எடுத்தால் நமக்கு எப்படி இருக்கும்?

தெரு முழுக்க சின்னச் சின்ன வீடுகள். இரண்டு இடத்தில் ஸ்பானிஷ் பேச்சுக் கேட்டது. ஸ்பிரிங்ஸ்டீனுக்கு அப்பா வழியில் அயர்லாந்து, அம்மா வழியில் இத்தாலி. அன்றைக்கு வந்திறங்கியவர்கள் அவர்கள், இன்றைக்கு இவர்கள். எடிசனில் நாங்கள்.

அங்கிருந்து கிழக்கே பெல்மார், கடலோர ஊர். டென்த் அவென்யூவும் ஈ தெருவும் சந்திக்கிற முனை. பேண்டின் முதல் பியானோக்காரர் டேவிட் சான்ஷியஸின் அம்மா வீடு ஈ தெருவில் இருந்தது, அங்கேதான் பழகுவார்கள். அதனால்தான் பேண்டுக்கு அந்தத் தெருவின் பேர். உலகம் முழுக்கத் தெரிந்த பேருக்குச் சொந்தமான முனையில் ஒரு கம்பம், குறுக்கும் நெடுக்குமாக இரண்டு பச்சைப் பலகைகள். வீடுகள், புல்வெளி, ஒருவர் புல் வெட்டிக்கொண்டிருந்தார். நான் போட்டோ எடுத்து முடிக்கும்வரை இயந்திரத்தை நிறுத்திவைத்தார். கேட்காமலே. தினமும் எத்தனை பேருக்காக நிறுத்துகிறாரோ.

ஸ்பிரிங்ஸ்டீன் கையில் இருக்கும் அந்தப் பழைய மஞ்சள் ஃபெண்டர் கிதார்கூட இந்தச் சுற்றுவட்டாரத்துக் கடையில் வாங்கியதுதான். எழுபதுகளின் தொடக்கத்தில், 185 டாலர். உடம்பு ஒரு கிதாருடையது, கழுத்து இன்னொன்றுடையது. 185-ஐப் பெருக்கவில்லை, சத்தியமாக.

செப்டம்பர் 3, ஞாயிறு

நாளை லேபர் டே, லீவு. காரில் போனேன், டர்ன்பைக் எக்ஸிட் 16W. மூன்று மணிக்கே பார்க்கிங் நிரம்பத் தொடங்கிவிட்டது. காரின் பின்கதவைத் திறந்து, மடக்கு நாற்காலி போட்டு, அடுப்பு மூட்டி, ஒவ்வொரு காரிலிருந்தும் அவருடைய வெவ்வேறு பாட்டு. பத்தடி நடந்தால் பத்து வருடம் தாண்டிவிடலாம். நான் புளியோதரை டப்பாவோடு என் கார் டிக்கியில் உட்கார்ந்தேன்.

பக்கத்துக் காரில் ஒரு அம்மாள். எழுபது இருக்கும். ஸ்கூல் பஸ் ஓட்டி ரிட்டயர் ஆனவர். தனியாக வந்திருக்கிறார், இரண்டு நாற்காலி போட்டிருக்கிறார். ஒன்று காலி. நான் அதைப் பற்றிக் கேட்கவில்லை. அவரே என்னைக் கூப்பிட்டு அதில் உட்காரச் சொன்னார்.

"எங்கிருந்து வருகிறாய்?"

"இந்தியா."

"அதைக் கேட்கவில்லை. எந்த எக்ஸிட்?"

நியூ ஜெர்சிக்காரர்களை மற்ற மாநிலத்தார் கிண்டல் செய்யப் பல வருடமாக வைத்திருக்கும் கேள்வி இது. ஜெர்சி என்றாலே நெடுஞ்சாலைதானே, உங்கள் ஊருக்கு எந்த எக்ஸிட் என்று. வெளியார் கேட்டால் கோபம் வரும். இவர்களுக்குள் கேட்டுக்கொண்டால் அது "எந்த ஊரு தம்பி?" பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் கேட்பாரே, அதற்கப்புறம் உங்க தெருவில் எனக்கு ஒரு மச்சான் என்று தொடங்குவாரே, அந்தக் கேள்வி.

"டர்ன்பைக்கா, பார்க்வேயா?" என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். "டர்ன்பைக்."

"பத்து."

"பத்தில் என் அக்கா இருந்தாள்," என்று தொடங்கினார். அக்கா, அக்கா புருஷன், எடிசனில் ஃபோர்டு கார்த் தொழிற்சாலை இருந்த காலம், அது மூடிய வருடம். 2004. புளியோதரையில் வேர்க்கடலையை மட்டும் பொறுக்கித் தின்றார், காரம் என்றார், மறுபடி கை நீட்டினார்.

அவரிடம் ஒன்று கேட்டேன். 1980-ல் இந்த மாநிலச் சட்டமன்றம் 'பார்ன் டு ரன்' பாட்டை இளைஞர்களின் அதிகாரப்பூர்வமற்ற ராக் கீதமாக்கத் தீர்மானம் போட்டது. அந்தப் பாட்டோ இந்த ஊரைவிட்டு ஓடிப்போய்விடலாம் என்று சொல்கிறது. யாரும் கவனிக்கவில்லையா?

"கவனித்தோம். நான் அப்போது இருபத்தேழு. அதைப் போட்டுக்கொண்டுதான் தினமும் வேலைக்குப் போவேன். அதே ஊரில்."

அவர் ஓடவில்லை. அவரும் பாடினார். நான் ஓடியவன், எட்டாயிரம் மைலுக்கு மேல். நானும் பாடினேன். ஓடு என்று சொன்னவரோ ஃப்ரீஹோல்டுக்குப் பக்கத்திலேயே கோல்ட்ஸ் நெக்கில் வீடு வைத்துக்கொண்டு இருக்கிறார்.

கச்சேரி பற்றி இன்று தனியாக எழுத எதுவும் இல்லை, அல்லது நிறைய இருக்கிறது. விளக்குகள் போட்டபோது கீழே முதல் தளத்தில் அந்த அம்மாளைத் தேடினேன். எண்பதாயிரம் தலையில் எங்கே? ஆனால் எல்லோர் முகமும் அந்த வெளிச்சத்தில் ஏதோ ஒரு எக்ஸிட்காரர்கள் மாதிரியே இருந்தது. என் குரல் பாதியில் போய்விட்டது, வாயை மட்டும் அசைத்தேன்.

பார்க்கிங்கிலிருந்து வெளியே வர ஒன்றேகால் மணி நேரம். ரயிலே தேவலை.

செப்டம்பர் 6, புதன்

இதை எழுதுவதாக இல்லை. ஆனால் செய்தி வந்துவிட்டது. ஸ்பிரிங்ஸ்டீனுக்கு வயிற்றுப் புண் சிகிச்சை நடக்கிறதாம், டாக்டர்கள் சொன்னபடி செப்டம்பர் மாதக் கச்சேரிகள் எல்லாம் தள்ளிவைப்பு. அந்த வயிற்றை வைத்துக்கொண்டா மூன்று இரவும்? மேடையில் ஒன்றும் தெரியவில்லை. உச்சிமாடியிலிருந்து எனக்கு என்ன தெரியும்.

மனைவிக்கு உண்மையிலேயே வருத்தம். "பாவம், நல்லா ஆகணும்," என்றாள். அப்புறம் என் முகத்தைப் பார்த்தாள்.

"உங்களுக்கு எதுக்கு இப்படி மூஞ்சி போகுது? நம்ம மூணும்தான் முடிஞ்சிருச்சே."

நாளைக்கு சிரக்யூஸில் கச்சேரி. இங்கிருந்து நாலு மணி நேரம். அதற்கும் ஒரு டிக்கெட் என்னிடம் இருக்கிறது. ஆபீஸ் விஷயமாக வெளியூர் என்று ஞாயிற்றுக்கிழமையே சொல்லிவைத்திருந்தேன்.